இயலும் என்பதும் கூடும் என்பதும்

ஒரு பொருட்குப் பல சொல் வழங்குமிடத்து, அவையெல்லாம் ஒன்றேயெனக் கொண்டு ஒன்றன் இடத்து ஒன்றை மாற்றி வழங்குதல் உலகத்தார்க்கு இயல்பு. மரம், மலர், நீர் முதலியவற்றின் பெயர்களில் அங்ஙனம் வழங்குதலாற் பெருந்தீங்கு விளையாது. ஆயின், ஒரு செயல் நிகழ்தற்குரியதாந் தன்மையைக் குறிக்குஞ் சொற்களில் வேறுபாட்டை மறப்போமாயின், நேர்வது சொற்குற்றம் மட்டுமன்று; பொய்ம்மையும், செருக்கும், மடியும் அவ்வழியே உள்புகும். இயலும், ஒல்லும், ஏலும், வல்லன், ஆகும், முடியும், கூடும், தகும் என்பன அத்தகைய சொற்கள். இவை ஒவ்வொன்றும் நிகழ்ச்சியின் காரணத்தை ஒவ்வோரிடத்தில் வைத்துச் சுட்டுகின்றன. ஆகலின், எச்சொல்லை எவ்விடத்துக் கூறல் வேண்டும் என்பது வாய்மையைப் பற்றிய வினாவாம். சித்தாந்த நோக்கிற் காணின், உயிரின் நிலையைப் பற்றிய வினாவுமாம்.

இயலுதல் என்பது நடத்தல், பொருந்துதல் என்னும் பொருளது. இயல்பு, இயற்கை என்பனவும் அவ்வடியிற் பிறந்தன. ஆகலின், ‘என்னால் இயலும்’ என்பான், அச்செயல் தன் இயல்பினுள்ளும் தன் ஆற்றலினுள்ளும் அடங்கியிருத்தலைக் கூறுகின்றான். ஒல்லுதலும் ஏலுதலும் இதற்கு அணியவான சொற்கள். ஏலாது என்னுஞ் சொல் ஈழநாட்டுத் தமிழர் நாவில் நாள்தோறும் வழங்குவது. உடல் நலிவுற்றுக் கிடப்பார் நிலையையும் அவர் அச்சொல்லாலேயே உணர்த்துவர். ஆற்றலின் குறைவே அச்சொல்லின் பொருள் என்பதற்கு அவ்வழக்குச் சான்றாம். வல்லன் என்பது பயிற்சியானுந் திறத்தானும் எய்திய வன்மையைக் குறிக்கும். முடிதல் என்பது முற்றுப்பெறுதல். எனவே, முடியும் என்பது எடுத்த வினை கடைபோதலை நோக்கிய சொல். வினையைத் தொடங்குமுன்னரே ‘முடியும்’ என்பான், தொடக்கத்தில் நின்றுகொண்டு ஈற்றைத் தன் கையகத்ததாகப் பேசுகின்றான்.

இவையெல்லாம் செய்வானை நோக்கி எழுந்தவை. ஆகும் என்பதோ செயப்படு பொருளை நோக்கி எழுந்தது. களிமண் குடம் ஆகும். ஆற்றுமணல் குடம் ஆகாது. இது குயவன் ஆற்றலைப் பற்றிய செய்தியன்று. மண்ணின் தன்மையைப் பற்றிய செய்தி. தகும் என்பது செய்வானையும் பொருளையும் விட்டு அறத்தை நோக்கிய சொல். கூடும் என்பது இவையனைத்தினும் வேறாய், பல காரணங்கள் ஓரிடத்து ஒன்றுசேர்தலை உணர்த்துவது. கூடுதல் என்பதன் முதற்பொருளே சேர்தலன்றோ?

சித்தாந்த நூல்கள் காரணத்தை முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்றாக வகுத்து, மண், திரிகை, குயவன் என்பவற்றை முறையே எடுத்துக்காட்டும். அவ்வெடுத்துக்காட்டே இச்சொற்களைப் பிரித்தறிதற்கும் அளவுகோலாம். மண் குடம் ஆகும். குயவன் வனைய வல்லன். மண்ணுந் திரிகையுங் குயவனும் ஒருங்கு நேர்ந்தவழிக் குடம் கூடும். வனைந்து சுட்டெடுத்தவழி வினை முடியும். அக்குடத்தால் நீர் வார்த்தல் தகும், பிறர் தலையை உடைத்தல் தகாது. குயவன் எத்துணை வல்லனாயினும் மண்ணின்றிக் குடம் கூடாது. மண் எத்துணை நல்லதாயினுங் குயவனின்றிக் கூடாது. இல்லது தோன்றாது, உள்ளது கெடாது என்னுஞ் சற்காரியவாதத்தின் சாரமும் இதனுள் அடங்கும். ஆகும் என்னும் நிலை உள்ளே இருந்தாலன்றிக் கூடும் என்னும் நிலை வெளியே வாராது.

ஒருவேளை, ஒருகால், போலும் என்பனவும், பழைய வழக்கிற் கொல் என்பதும் இவ்வினத்தன போலத் தோன்றும். ஆயின், அவை அறிவானது ஐயத்தைக் குறிப்பனவேயன்றிப் பொருளின் தன்மையைக் குறிப்பனவல்ல. தொலைவில் நிற்பது குற்றியோ மகனோ என ஐயுறுவான் ஒருவனுளன் என்பதனால், அங்கு நிற்பது பாதி குற்றியும் பாதி மகனுமாய் விடாது. ‘மழை பெய்யக்கூடும்’ என்னுமிடத்தும் மேகமுங் காற்றுங் கூடுதலைக் கண்டு கூறுவான் கூற்று வேறு. யாதொன்றுங் காணாது ஐயத்தாற் கூறுவான் கூற்று வேறு. கூடும் என்பது கூடாமைக்கும் இடந்தரும் என்பதும் ஈண்டு அறியத்தக்கது. இலக்கண நூலார் உம்மைக்குக் கூறிய எட்டுப் பொருள்களுள் எதிர்மறையும் ஒன்று. ‘அவன் தருதலுங் கூடும்’ என்றவழி, தாராமையுங் கூடும் என்பது அவ்வும்மையினுள்ளே நிற்கின்றது.

இனி, இச்சொற்கள் எதிர்மறையாங்கால் அடையும் மாற்றம் மிகவும் வியக்கத்தக்கது. கூடும் என்பது நிகழத்தகும் என்னும் பொருட்டாயிருக்க, கூடாது என்பது பெரும்பாலும் ‘செய்யற்க’ என்னும் விலக்காய் வழங்குகின்றது. காரணங்கள் சேர்ந்திலாமையை உணர்த்திய சொல், பிறன் ஒருவன் ஆணையை உணர்த்துஞ் சொல்லாயிற்று. ‘முடியாது’ என்பதோ வினை முற்றுப்பெறாமையைக் கூறுதல் விட்டு, மறுப்புரையாயிற்று. இவற்றினும் தெளிவான சான்று மாட்டேன் என்னுஞ் சொல். மாட்டுதல் என்பதற்கு வல்லனாதல் என்பது பழம்பொருள். மாட்டாமை என்பது இன்றும் இயலாமையையே குறிக்கும். திருமுறைகளினும் பழைய உரைகளினும் மாட்டேன் என்பது ‘வல்லேனல்லேன்’ என்னும் பொருளிற் பயின்று வரும். இன்று அது ‘விரும்பேன், செய்யேன்’ என்னும் பொருளதாயிற்று. இயலாமையைக் கூறிய சொல் விருப்பமின்மையைக் கூறுஞ் சொல்லாய் மாறிய வழி யாது? விரும்பாதவர் பலர், பல்லாண்டுகளாக, ‘இயலேன்’ என்னுஞ் சொல்லின் மறைவில் நின்று ‘விரும்பேன்’ என்பதைக் கூறிவந்தனர் போலும். மறைவு நாளடைவில் வெளிப்பட்டது. சொல்லும் அதன் மெய்ப்பொருளையே தன் பொருளாகக் கொண்டது.

சொல்லின் வரலாறு மக்கள் மனத்தின் வரலாறுமாம். அடியார் ஒருவர் வாயிலில் வந்து நிற்ப, அகத்தே நெல்லிருக்க, ‘இன்று இயலாது’ என்பான், இல்லது கூறினானாகான் என்று தன்னைத் தேற்றிக்கொள்வன். நெல் இல்லை என்று அவன் கூறவில்லை. தன்னால் இயலாது என்று மட்டுமே கூறினான். ஆயினும் அது பொய்யே. என்னை? இல்லாதது ஆற்றலன்று, மனமே. மனத்தின் குறையை ஆற்றலின் குறையாகக் காட்டினான் ஆகலின் என்க. பொருளில்லை என்பான் ஒரு பொய் கூறினான். இயலாது என்பானோ அப்பொய்க்குத் தன் யாக்கையையும் சான்றாக நிறுத்தினான்.

இயலும் என்பதன் எல்லை எவ்வளவு என்பதை இளையான்குடி மாறநாயனார் வரலாறு விளக்கும். செல்வம் முழுதுஞ் சுருங்கிய பின்னர், மழை பெய்யும் நள்ளிரவில் அடியார் ஒருவர் அவர் மனைக்கு எழுந்தருளினர். அட்டிலில் ஒன்றுமில்லை. கடன் தருவாரும் இலர். அந்நிலையில் ‘இயலாது’ என்று அவர் கூறியிருப்பின் அதனைப் பொய்யென்பார் யாவர்? ஆயினும் அவர் மனைவியார், பகலில் வயலில் வித்திய முளைநெல் உண்டென்பதை நினைவூட்டினார். நாயனார் இருளிற் காலால் வழி தடவிச் சென்று அந்நெல்லை வாரிக் கொணர்ந்தார். விறகின்மையின் கூரைமரத்தை அறுத்து வீழ்த்தினார். கறிக்குக் குழியில் முளைத்த சிறு பயிரைப் பறித்தார். அம்மையார் அமுதாக்கினார். வித்தும், கூரையும், வளராப் பயிரும் நாளைய வாழ்விற்குரியன. அவற்றைத் தொடாதவழி இயலாமை, தொட்டவழி இயலுதல். ‘இயலாது’ என்னுஞ் சொல் பெரும்பாலும் ‘இதனை விட ஒருப்படேன்’ என்பதன் மறுபெயரே என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும்.

அற்றேல், யாவரும் வித்தை வாரிக் கூரையை அறுத்தல் வேண்டுமோ எனின், அன்று. திருவள்ளுவர் அறன் வலியுறுத்தலில் அறத்தை இயலுந் திறத்தாற் செய்க என்றே விதித்தார். பரிமேலழகர் அதற்கு, இல்லறம் பொருளளவிற்கு ஏற்பவும் துறவறம் யாக்கை நிலைக்கு ஏற்பவும் அமையும் என்று எல்லை காட்டினார். ஒருவர்க்கு ஒல்லுவது மற்றொருவர்க்கு ஒல்லாது. மெய்யாகவே இயலாதவன் ‘இயலாது’ என்றால் அவன்மேற் குற்றமில்லை. வேண்டுவது ஒன்றே: அளந்து பார்த்துக் கூறுதல். அளவாமலே ‘இயலாது’ என்பது மடி; அளவாமலே ‘முடிப்பேன்’ என்பது செருக்கு.

இனி, வல்லன் என்பதனைத் தகும் என்பதாக மயங்குதல் பிறிதொரு பெருங்குற்றம். இராவணன் கயிலைமலையை எடுக்கத் துணிந்தமை இதற்குத் தக்க சான்று. தோள்வலியில் அவன் ஒப்பற்றவன் என்பதில் ஐயமில்லை. தன்னால் இயலும் என்று எண்ணியமையன்று அவன் குற்றம். இயலும் என்பதனாலேயே தகும் என்று கொண்டமையே குற்றம். இறைவன் திருவிரல் ஒன்று ஊன்றிய அளவில் அவ்வன்மை நெரிந்தது. பின்னர் அவன் இசைபாடி இரந்து வரம் பெற்றான். திருஞானசம்பந்த சுவாமிகள் தம் பதிகங்களிற் பெரும்பாலும் எட்டாந் திருப்பாட்டில் இவ்வரலாற்றை வைத்தருளினார். வன்மை தன் எல்லையைக் கடந்து தகுதியின் இடத்தைப் பற்றுதல் எக்காலத்தும் நிகழ்வதாகலின், அவ்வறிவுறுத்தலும் பதிகந்தோறும் வேண்டப்பட்டது போலும். செய்ய இயலுவன நாளுக்குநாட் பெருகிவரும் இக்காலத்தில் அதன் வேண்டற்பாடு குறைந்ததன்று, மிகுந்ததே.

இதன் மறுதலையாகிய குற்றமும் ஒன்றுண்டு. அஃதாவது, ஊர் வழக்குக் கூடாது என்று விலக்கியதனை, இயல்பிலேயே ஆகாதது என்று துணிதல். ஆதனூரிற் பிறந்த அடியார் ஒருவர் தில்லைத் தரிசனத்தை விழைந்து, ‘நாளைப் போவேன்’ என்று பலநாளுங் கூறிவந்தமையால் திருநாளைப்போவார் எனப்பட்டனர். போவேன் என்பது உள்ளத்தின் துணிவு. நாளை என்பது குலத்தின் பெயரால் உலகம் இட்ட தடை. அறுபத்துமூவருள் ஒருவரது திருப்பெயரே இவ்விரண்டுஞ் சேர்ந்ததாய் அமைந்தது. தில்லை எல்லையை அடைந்தும் உட்புக அஞ்சி அவர் நகரைச் சூழ வலம்வந்தனர். அவர்பால் ஆகாதது ஒன்றுமில்லை, அன்பு நிறைந்திருந்தது. ஊர் கூடாது என்றது. கூத்தப்பெருமானோ அவரைக் கூட்டிக்கொண்டான். அதனைப் பெரியபுராணத்தில் ஓதியும், அவர் குலத்தாரைத் திருக்கோயில் வாயிலில் நிறுத்திக் ‘கூடாது’ என்ற வழக்குப் பன்னூற்றாண்டு நின்றது. சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டின் ஆலயப்பிரவேசச் சட்டமே அச்சொல்லை வாயிலினின்று அகற்றியது. நாயனாரைத் தொழுதவர்கள் கூடாது என்பதனையும் ஆகாது என்பதனையும் பிரித்தறிந்திருப்பின், அத்துணைக் காலம் வேண்டியிராது.

இனி, உயிரின் வீடுபேற்றை நோக்குமிடத்து இச்சொற்களுள் எது பொருந்தும் என ஆராய்தல் வேண்டும். உயிர் அறிவுடைப் பொருள். இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் அதற்கு உண்டு. ஆணவமலம் அவற்றை மறைத்ததேயன்றி அழித்ததன்று. ஆகலின், எவ்வுயிர்க்கும் வீடு ஆகும். ஒருவனை நோக்கி ‘இவன் ஆகான்’ என்று கூறும் உரிமை ஒருவர்க்கும் இல்லை; இன்னுங் கூடவில்லை என்பதே கூறத்தக்கது. ஆயினும், ஆகும் என்பதனாலேயே இயலும் என்பது பெறப்படாது. சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களுள் பதினொன்றாவது சூத்திரம் கண்ணை உவமையாக வைத்து இதனைத் தெளிவிக்கின்றது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. அஃதில்வழி விளக்கு எத்துணை எரியினும் பயனில்லை. ஆயினும் இருளிற் கண் காணாது. விளக்கு இருந்தும், உயிர் உடன்நின்று செலுத்தாவிடிற் காணாது. நினைவு வேறிடத்துச் சென்றவன் விழித்திருந்தும் எதிர்ப்பட்டாரைக் காணாமை யாவரும் அறிந்தது. அங்ஙனமே உயிர்க்கு இறைவன் காட்டுதலும் உடன்நின்று காணுதலுமாகிய உபகாரம் வேண்டும். காண்டல் கண்ணுக்கு ஆகும். கண்ணால் மட்டும் இயலாது. கண்ணும் ஒளியும் உயிருஞ் சேர்ந்தவழிக் கூடும். வீடுபேறும் அத்தகையது. இருவினையொப்பும் மலபரிபாகமும் நேர, சத்திநிபாதம் நிகழுமிடத்து அது கூடும்.

இறைவன் முடிவிலாற்றல் உடையனாயின் எல்லா உயிரையும் இப்பொழுதே வீடு பெறுவித்தல் அவனுக்கு இயலாதோ என்று கடாவுவார்க்கு, அக்கடாவினுள்ளேயே சொல்மயக்கம் உளது என்க. இயலாமை என்பது செய்வான்மேல் நிற்குங் குறை. அஃது இறைவன்பால் இல்லை. தாமதத்திற்குக் காரணம் உயிரின் பக்குவம் கூடாமையே. ஒரு தடாகத்தில் ஞாயிறு ஒன்றே எழுகின்றது. அதனொளியில் ஒரு தாமரை விரிய, ஒன்று முகையாய் நிற்க, ஒன்று உலர்கின்றது. முகையாய் நிற்பது ஞாயிற்றின் ஆற்றற் குறையால் அன்று. முகையை விரலாற் பிரிப்பான் மலரைப் பெறுவதில்லை. இதழ் கிழிந்த முகையையே பெறுவான். பொறுத்து நிற்றலும் பேரருளின் தொழிலே.

அஃதொக்கும், எல்லாம் அருளாற் கூடுமாயின் உயிர் வாளா இருத்தல் அமையாதோ எனின், அமையாது. இருளில் விளக்கில்லை என்று கண்ணை மூடிக்கொள்வான், விளக்கு வந்தபொழுதும் காணான். ‘திருவருள் கூட்டினாற் செய்வேன்’ என்பது சைவ நன்மக்கள் நாவில் வழங்கும் நல்லுரை. தன் ஆற்றலையும் முடிவையும் பிரித்துரைக்கும் பணிவு அதனுட் பொருந்தியது. ஆயின், செய்ய விரும்பாததனை அவ்வுரையால் மறைப்பாரும் உளர். அவர் தம் மடியைத் திருவருளின்மேல் ஏற்றுகின்றனர். ‘மாட்டேன்’ என்பான் தன்னளவிற் குற்றம் செய்தான். விருப்பின்றி ‘அருள் கூட்டினால்’ என்பான் அருளின்மேலும் பழி சுமத்தினான். அருள் கூட்டுவது உயிர் செய்வதனையே. செய்யாதவனிடத்துக் கூட்டுதற்கு யாதுளது?

திருநாவுக்கரசு சுவாமிகள் கயிலை சென்ற வரலாறு இவ்விரண்டன் எல்லையையும் ஒருங்கு காட்டும். நடந்து கால் தேய்ந்தது, கையால் ஊர்ந்து கையுந் தேய்ந்தது, மார்பால் உந்தியும், கிடந்து புரண்டுஞ் சென்றார், உறுப்புக்கள் ஓய்ந்தன. அந்நிலையில் முனிவர் கோலத்து வந்த பெருமான், கயிலை மானிடர்க்கு எய்தற்கு அரிதென்றும் மீண்டு போதலே தக்கதென்றும் உரைத்தனன். அவ்வுரை பொய்யன்று, மானிட யாக்கைக்கு அஃது இயலாததே. சுவாமிகளும் ‘என்னால் இயலும்’ என்று வாதிட்டிலர். கயிலைநாதன் திருவோலக்கத்தைக் காணாது இவ்வுடலோடு திரும்ப ஒருப்படாமையை மட்டுமே கூறினர். அதன்மேல் அங்கிருந்த தடாகத்தில் மூழ்கும்படி திருவருள் பிறந்தது. மூழ்கியவர் திருவையாற்றுத் திருக்குளத்தில் எழுந்து, அங்கேயே கயிலைக்காட்சி கண்டார். மலையேறுதல் இயலவில்லை, மலையைக் காண்டல் கூடிற்று. அது கூடியது வடநாட்டு மலையிலன்று; காவிரிக் கரையில். எனினும், கால் தேயுமளவும் நடவாதவர்க்கு அத்தடாகம் வழியாயிராது என்பதும் அறியத்தக்கது.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனார்க்குக் கற்கோயில் எடுக்கப் பொருள் கூடவில்லை. ‘இயலாது’ என்று அவர் அமைந்திலர். தமக்கு இயன்றதாகிய மனத்தினாலேயே கல்லும் மரமும் தேடி, நாளிட்டு, முறைவழுவாது கோயில் எடுத்தார். காடவர்கோன் காஞ்சியில் எடுத்த கற்றளிக்குக் குறித்த நாளையும் மாற்றுவித்து, இறைவன் அம்மனக்கோயிலில் முன்னர் எழுந்தருளினான். அரசனுக்கும் இயன்றது ஒன்று, நாயனார்க்கும் இயன்றது ஒன்று; பொருளளவில் மலைக்கும் அணுவுக்கும் உள்ள வேற்றுமை. இரண்டும் கூடியது அருளாலேயே.

ஆகலின், சொல்லை அளந்து வழங்குதல் புலமைக்கு அணி என்னும் அளவில் நில்லாது, நெறியின் ஓர் உறுப்பாம். ஒரு செயல் எதிர்ப்படுங்கால், முதற்கண் தகுமோ என ஆராய்க. தகாததாயின் இயலினும் ஒழிக. தகுவதாயின், தன்னால் இயலுமளவைத் தன் நெஞ்சறிய அளக்க. விருப்பமில்லையாயின் ‘விரும்பேன்’ என்று கூறும் ஆண்மையேனும் வேண்டும். இயலாமையைக் கடன்வாங்கி அதனை மூடுதல் வேண்டா. இயலுமளவைக் குறைவறச் செய்த பின்னர், முடியும் என்று செருக்காமலும் முடியாது என்று தளராமலும், கூடும் என்று நிற்க. இறைபணி நிற்றல் என்று ஆன்றோர் கூறியது, செயலில் ஊக்கமும் பயனில் அமைதியும் ஒருங்கு கொண்ட அந்நிலையையே. கூடும் என்னுஞ் சொல்லில் அடியவன் முயற்சியும் உளது; அருளின் வருகையும் உளது. இரண்டுஞ் சேருமிடமே அச்சொல்லின் பொருள்.

திருச்சிற்றம்பலம்.